டெல்லியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? விமான நேரக் கணக்கு அடிப்படையிலிருந்து

டெல்லிக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதல் தீபாவளிக்கு டிக்கெட் தேடும்போது இரண்டு ஊருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு இடத்தில் 1,760 கிலோமீட்டர் என்று வரும். இன்னொரு இடத்தில் 2,180. மூன்றாவது இடத்தில் 2,200 பக்கம். எதை நம்புவது என்றால், மூன்றையுமே நம்பலாம். முதலாவது ஆகாய வழி, இரண்டாவது தண்டவாளம், மூன்றாவது சாலை. இதுவரைக்கும் பிரச்சினை இல்லை. குழப்பம் இதற்கப்புறம்தான் வரும். ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் என்று எங்கேயோ படித்திருப்போம், 1,760-ஐ 830-ஆல் வகுத்தால் 2 மணி 7 நிமிடம்தான் வரும், டிக்கெட்டிலோ 2 மணி 45 நிமிடம், சில விமானங்களுக்கு 2 மணி 55 நிமிடம் என்றுகூடப் போட்டிருப்பான். மீதி நாற்பது நிமிடத்துக்கு மேல் எங்கே போகிறது?

அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த 1,760 எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பத்தாம் வகுப்புக் கணக்கு ஞாபகம் இருந்தால் போதும், நீங்களே போட்டுவிடலாம். பூமியின் மேல் வடக்கு தெற்காக ஒரு டிகிரி நகர்ந்தால் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். டெல்லி விமான நிலையம் 28.6 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, சென்னை விமான நிலையம் 13 டிகிரியில். வித்தியாசம் 15.6. பெருக்கினால் சுமார் 1,730 கிலோமீட்டர். ஆனால் சென்னை டெல்லிக்கு நேர் தெற்கே இல்லை, கொஞ்சம் கிழக்கே தள்ளியிருக்கிறது, தீர்க்கரேகையில் 3 டிகிரி வித்தியாசம். கிழக்கு மேற்காகப் போகும்போது ஒரு டிகிரிக்கு 111 வராது, துருவத்தை நோக்கிப் போகப் போக அது சுருங்கிக்கொண்டே வரும், இந்த இரண்டு ஊருக்கும் நடுப்பட்ட இடத்தில் 104 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் கிழக்கே 320 கிலோமீட்டர் போல. ஒரு பக்கம் 1,730, இன்னொரு பக்கம் 320, நடுவில் செங்கோணம். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் கர்ணம் 1,760. அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கோட்டை வரைபடத்தில் இழுத்துப் பார்த்தால், அது போபாலுக்குக் கொஞ்சம் கிழக்கே, நாக்பூருக்குக் கொஞ்சம் மேற்கே, ஹைதராபாத்துக்குக் கிழக்கே போய், கிட்டத்தட்ட நெல்லூரின் தலைக்கு மேலேயே இறங்கி வரும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போனவர்களுக்கு இந்தப் பெயர்களில் பாதி பழக்கமானவை. நாக்பூர் வரைக்கும் ரயிலும் இந்தக் கோட்டை அதிகம் விட்டு விலகாது. அதற்குப் பிறகுதான் பல்லார்ஷா, வாரங்கல், விஜயவாடா என்று கிழக்கே வளைந்து போய், ஆந்திரக் கடற்கரையோரமாகத் தெற்கே இறங்கும். மலை, ஆறு, நடுவில் நின்று போக வேண்டிய பெரிய ஊர்கள், எல்லாம் சேர்ந்து 1,760-ஐ 2,180 ஆக்குகின்றன. நம் நாட்டில் நீண்ட ரயில் பாதைகளுக்கு நேர்கோட்டுத் தூரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை கூடுதலாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. டெல்லி–மும்பையும் அப்படித்தான்: ஆகாயத்தில் 1,140, ராஜதானி ஓடும் பாதையில் 1,384.

சரி, அதே பிதாகரஸை வைத்துக்கொண்டு டெல்லி–சான் பிரான்சிஸ்கோ தூரத்தைப் போட முடியுமா? முடியாது. பூமி உருண்டை என்பதை இந்தியாவுக்குள் மறந்துவிட்டுக் கணக்குப் போடலாம், கண்டம் தாண்டினால் மறக்க முடியாது. வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து டெல்லியில் ஒரு முனை, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு முனை வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். தட்டையான வரைபடத்தில் யாருக்கும் தோன்றாத பாதை அது. இப்படி உருண்டையின் மேல் இழுத்த குறுக்குவழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். இணையதளங்கள் காட்டும் 'விமானத் தூரம்' எல்லாமே இந்தக் கணக்குதான். டெல்லி–சான் பிரான்சிஸ்கோவுக்கு அது 12,400 கிலோமீட்டர் பக்கம் வரும். விமானம் அந்தக் கோட்டில்தான் போகிறதா என்பது வேறு கேள்வி, கீழே வருகிறேன்.

இப்போது நேரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் 6:00 என்று இருந்தால், ஆறு மணிக்கு விமானம் மேலே எழும்பும் என்று அர்த்தம் இல்லை. ஆறு மணிக்குச் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததும் அது நின்ற இடத்திலிருந்து நகர ஆரம்பிக்கும், அதுதான் புறப்பாடு. வந்து சேரும் நேரமும் தரையைத் தொட்ட நேரம் கிடையாது, சென்னையில் நிறுத்துமிடத்துக்கு வந்து சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நேரம். இந்த இரண்டு கட்டைகளுக்கும் நடுவே உள்ள மொத்த நேரத்தைத்தான் விமானக்காரர்கள் பிளாக் டைம் என்பார்கள். டிக்கெட்டில் அச்சடித்திருப்பது அது. ஆகாயத்தில் இருக்கும் நேரம் அதைவிடக் கணிசமாகக் குறைவு.

டெல்லியில் இந்தத் தரை நேரம் சாதாரணமானது இல்லை. இந்திரா காந்தி விமான நிலையத்தில் நான்கு ஓடுபாதைகள். நீங்கள் ஏறும் டெர்மினலும் உங்கள் விமானத்துக்குக் கிடைத்த ஓடுபாதையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தால் தெரியும், பேருந்தில் போவதுபோலப் போய்க்கொண்டே இருக்கும், திரும்பும், நிற்கும், முன்னால் நான்கைந்து விமானங்கள் வரிசையில் நிற்பது தெரியும், மறுபடி நகரும். 2023 ஜூலையில் இங்கே ஒரு மேம்பாலம் திறந்தார்கள், விமானம் போவதற்கான மேம்பாலம், கீழே சாலையில் கார்கள் போகும். வடக்குப் பக்க ஓடுபாதைக்கும் தெற்குப் பக்க ஓடுபாதைக்கும் நடுவே ஒன்பது கிலோமீட்டர் உருண்டு போக வேண்டியது அதனால் இரண்டு கிலோமீட்டர் ஆனது. ஒன்பது கிலோமீட்டர் என்றால் கரோல் பாக்கிலிருந்து ஆர்.கே.புரம் போவதுபோல. அதுவும் தரையிலேயே. முதல்முறை கேட்டபோது எனக்கே நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

எழும்பியதும் நேராகச் சென்னையைப் பார்த்துப் பறந்துவிடுமா என்றால் அதுவும் கிடையாது. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும், இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை அதில்தான் அதிகம். டெல்லியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வருவதால் மேற்கே பார்த்து எழும்பும், அப்புறம் திரும்பித் தெற்கே வர வேண்டும். வசந்த் குஞ்சில் குடியிருப்பவர்கள் இந்தக் காற்றின் திசையைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள், மேற்கே பார்த்து இறங்கும் விமானங்கள் அவர்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் வரும். அதோடு, 10,000 அடிக்குக் கீழே இருக்கும்வரை பொதுவாக 250 நாட் (knot) அளவுக்கு மேல் வேகம் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக 460 கிலோமீட்டர் போல. 830 என்பதெல்லாம் 33,000 அடிக்கு மேலே போய் நிலையாகப் பறக்க ஆரம்பித்த பிறகு கிடைக்கும் வேகம்.

இறங்குவதும் அப்படித்தான். ஒரேயடியாகச் சரிந்து இறங்க முடியாது, ஏறக்குறைய மூன்று டிகிரி சாய்வில் மெதுவாக வர வேண்டும். 36,000 அடியிலிருந்து இறங்க 200 கிலோமீட்டர் தேவைப்படும். அதாவது நெல்லூர் வருவதற்குச் சற்று முன்னாலேயே சென்னைக்கு இறங்க ஆரம்பித்துவிடுவார்கள், காது அடைக்கத் தொடங்குவது அங்கேதான். சென்னையிலும் காற்று கடல் பக்கமிருந்து வீசினால் மேற்கே சுற்றிப் போய்ப் பம்மல் பக்கமிருந்து இறங்கும். மேற்குக் காற்றாக இருந்தால் ஊரைத் தாண்டிக் கடலுக்கு மேலே போய், திரும்பி, கரையைக் கடந்து உள்ளே வரும். கடலைப் பார்த்ததும் 'ஊர் வந்தாச்சு' என்று பெல்ட்டைத் தளர்த்துபவர்கள் உண்டு, அதற்குப் பிறகும் பத்து நிமிடம் இருக்கும்.

இதையெல்லாம் மொத்தமாக நினைவில் வைக்க ஒரே வழி, ஆட்டோ மீட்டர். மீட்டர் போட்டதுமே ஒரு குறைந்தபட்சக் கட்டணம், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு இவ்வளவு. விமான நேரமும் அதே மாதிரிதான். உருள்வது, ஏறுவது, திரும்புவது, இறங்குவது, மறுபடி உருள்வது, இதெல்லாம் தூரத்தைப் பொறுத்ததே இல்லை, சண்டிகருக்குப் போனாலும் உண்டு, சிங்கப்பூருக்குப் போனாலும் உண்டு. இந்த மினிமத்துக்கு 35 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தூரத்தை 800-ஆல் வகுத்துச் சேருங்கள். அதிகாரபூர்வமான சூத்திரம் ஒன்றும் இல்லை இது, கையில் பேனா இல்லாமல் போடுகிற கணக்கு.

டெல்லி–சென்னைக்குப் போட்டுப் பார்ப்போம். 1,760-ஐ 800-ஆல் வகுத்தால் 2.2 மணி, அதாவது 2 மணி 12 நிமிடம். 35 சேர்த்தால் 2 மணி 47 நிமிடம். டிக்கெட்டோடு ஒத்துப்போகிறதா? சிங்கப்பூர் 4,150 கிலோமீட்டர்: 5 மணி 11 நிமிடம், 35 சேர்த்தால் ஐந்தே முக்கால். அதுவும் சரியாகவே வரும். சண்டிகர் ஆகாயத்தில் 240 கிலோமீட்டர்தான், பறக்க 18 நிமிடம், ஆனால் டிக்கெட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கும். பயணத்தில் பாதிக்கு மேல் மினிமம் சார்ஜ்தான்! மும்பைக்கு இந்தக் கணக்கில் 2 மணி நேரம் வரும், டிக்கெட்டில் 2 மணி 10 நிமிடம், 15 நிமிடம் என்று இருக்கும். காரணம் மும்பையில் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன, இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாது, நடைமுறையில் ஒரு ஓடுபாதையை வைத்துக்கொண்டுதான் அவ்வளவு கூட்டத்தையும் சமாளிக்கிறார்கள். இறங்க இடம் கிடைக்கும்வரை மேலேயே முட்டை வடிவத்தில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம் போல. இந்தக் காத்திருப்பு தினமும் நடப்பதால் அட்டவணையிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

அட்டவணையில் சேர்ப்பது என்று சொன்னேன் இல்லையா, அதில் இன்னொரு சமாச்சாரமும் இருக்கிறது. விமானம் கால் மணி தாமதமாகக் கிளம்பியிருக்கும், ஆனால் சென்னையில் சரியான நேரத்துக்கு வந்து இறங்கிவிடும், பைலட் நேரத்தைப் பிடித்துவிட்டார் என்று பக்கத்து சீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். பைலட் கொஞ்சம் வேகம் கூட்டலாம்தான், ஆனால் ஜெட் விமானம் ஒலியின் வேகத்தில் 78 சதவீதம் அளவில் பறக்கிறது, அதற்கு மேல் கூட்ட அதிக இடம் கிடையாது, எரிபொருளும் எகிறும். பெரும்பாலும் நடந்திருப்பது வேறு, அட்டவணை போடும்போதே பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகப் போட்டுவைத்திருப்பார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் மாதாமாதம் எந்த நிறுவனம் எவ்வளவு நேரம் தவறாமல் ஓடியது என்று வெளியிடுகிறது. அதில் 15 நிமிடத் தாமதம் வரை 'சரியான நேரம்' என்றே கணக்கு. நிறுவனங்களுக்கு அந்தப் பட்டியலில் பெயர் நன்றாக வர வேண்டும், பயணிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், இரண்டு பேருக்கும் இந்தக் கூடுதல் நிமிடங்கள் உதவுகின்றன. நான் இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பாதையில் ஒரு நிறுவனம் 2:45 என்றும் இன்னொன்று 2:55 என்றும் போட்டிருந்தால், முதல் விமானம் வேகமானது என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இரண்டும் ஒரே வகை விமானமாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து காற்று. இதுதான் இந்தக் கணக்கிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

விமானத்தின் 830 கிலோமீட்டர் என்பது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்தால், தரையைப் பொறுத்து விமானத்தின் வேகம் கூடும், அல்லது குறையும். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். டெல்லியிலிருந்து குவாஹாத்தி ஏறக்குறைய நேர் கிழக்கே, 1,460 கிலோமீட்டர். காற்றின் வேகம் 150 என்று வைத்துக்கொள்வோம், போகும்போது 830-உம் 150-உம் சேர்ந்து 980, ஒன்றரை மணிக்கு ஒரு நிமிடம் குறைவு. திரும்பும்போது 830-இலிருந்து 150 கழித்து 680, 2 மணி 9 நிமிடம். அதே விமானம், அதே தூரம், நாற்பது நிமிட வித்தியாசம். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நஷ்டமாகிச் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆனால் கூட்டிப் பார்த்தால் 3 மணி 38 நிமிடம் வருகிறது. காற்றே இல்லாத நாளில் போய்வர 3 மணி 31 நிமிடம்தான். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருப்பதால் எப்போதும் கொஞ்சம் நஷ்டம்தான் மிஞ்சும். சென்னைப் பாதை வடக்கு தெற்காக இருப்பதால் இந்தக் காற்று பக்கவாட்டில் அடிக்கும், அதனால்தான் போக வர இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் போட்டிருக்கும்.

இதை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் ரேடியோவில் ஒலிபரப்பிக்கொண்டே பறக்கின்றன, அதை வாங்கி வரைபடத்தில் காட்டும் ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலிகள் இருக்கின்றன. ஜனவரியில் ஒரு ராத்திரி திறந்து டெல்லிக்குக் கிழக்கே பாருங்கள், கொல்கத்தா போகிற விமானத்துக்கும் வருகிற விமானத்துக்கும் எழுதியிருக்கும் தரைவேகத்தை ஒப்பிட்டால் காற்று எவ்வளவு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால் போதும்.

சான் பிரான்சிஸ்கோ கதைக்கு இப்போது வரலாம். ஏர் இந்தியா டெல்லியிலிருந்து அங்கே நேர் விமானத்தை 2015 டிசம்பரில் ஆரம்பித்தபோது மேற்கே ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாகப் பறந்தது, பறந்த தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பாதையை அப்படியே மாற்றி, கிழக்கே பசிபிக் பெருங்கடல் வழியாகப் போக ஆரம்பித்தார்கள். அது 15,300 கிலோமீட்டர், 1,400 கிலோமீட்டர் அதிகம். டெல்லி–மும்பை தூரத்தைவிடக் கூடுதலாகச் சுற்றிப் போயும், பயண நேரம் இரண்டு மணி நேரம் போலக் குறைந்தது, பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. முழுக்க முழுக்க பின்காற்று செய்த வேலை. அதிக தூரம் என்றால் அதிக நேரம் என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்த ஒரு விமானத்தைக் காட்டினால் போதும்.

பாதையை மாற்றுவது காற்று மட்டும் இல்லை, அரசியலும்தான். டெல்லிக்காரர்களுக்கு இது மற்ற ஊர்க்காரர்களைவிட நன்றாகவே உறைக்கும், ஏனென்றால் இங்கிருந்து மேற்கே போனால் அரை மணி, முக்கால் மணிக்குள் பாகிஸ்தான் வந்துவிடும். 2019 பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை அந்த வான்வெளி மூடிக்கிடந்தது. 2025 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மறுபடி மூடினார்கள். அப்படி மூடினால் ராஜஸ்தான், குஜராத் என்று தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தடை இந்திய விமானங்களுக்கு மட்டும் என்பதால், லண்டன் போக ஒரே நாளில் ஒரே விமான நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரு வெளிநாட்டு விமானத்துக்கும் நம்முடைய விமானத்துக்கும் பயண நேரம் வேறுபட்டது. நூல் வைத்து அளந்த தூரம் மட்டும் மாறவே இல்லை.

டெல்லியின் பருவநிலை தனி அத்தியாயம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இறங்கும் மூடுபனியில் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. இங்கே கேட்-3 (CAT III) என்ற வகை இறங்கு கருவிகள் இருக்கின்றன, ஓடுபாதையில் 50 மீட்டர் வரைதான் தெரிகிறது என்றாலும் இறங்க முடியும். ஆனால் விமான நிலையத்தில் கருவி இருந்தால் போதாது, அந்த விமானத்திலும் அதற்கான வசதி இருக்க வேண்டும், பைலட்டுகளுக்கும் அதற்கான பயிற்சி இருக்க வேண்டும், மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் விமானத்தை ஜெய்ப்பூருக்கோ வேறு ஊருக்கோ திருப்பிவிடுவார்கள். கோடையில் மே, ஜூன் மாதங்களில் சாயங்காலம் திடீரென்று ஆந்தி என்கிற புழுதிப் புயல் கிளம்பினாலும் இதே கதைதான். அதனால் ஜனவரியில் காலை ஆறு மணி விமானம் மலிவாகக் கிடைத்தாலும் நான் எடுக்க மாட்டேன், பன்னிரண்டு மணிக்கு மேல் கிளம்புவதையே பார்ப்பேன், அதற்குள் பெரும்பாலும் பனி கலைந்திருக்கும்.

வெளிநாட்டு டிக்கெட்டில் ஒரு சின்ன விஷயம். போட்டிருக்கும் நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். இந்தியாவுக்குள் எங்கே போனாலும் ஒரே நேரம், வந்து சேரும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்தால் பயண நேரம் வந்துவிடும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது, இரவு 11 மணிக்குக் கிளம்பி காலை 7:15-க்கு இறங்குகிறது என்றால் எட்டேகால் மணி நேரம் இல்லை, இரண்டரையைக் கழித்து ஐந்தே முக்கால். துபாய்க்கு நாம் ஒன்றரை மணி முன்னால், அங்கே போகும்போது சேர்க்க வேண்டும். கொழும்பு நம் நேரமேதான். இதைவிட ஆபத்தானது நள்ளிரவு டிக்கெட்: 15-ஆம் தேதி 00:20 என்று இருந்தால் நீங்கள் விமான நிலையத்துக்குப் போக வேண்டியது 14-ஆம் தேதி ராத்திரி. 15-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

ஊரிலிருந்து மாமா போன் பண்ணி 'எத்தனை மணி நேரம்டா ஆகும்?' என்று கேட்டால் அவர் கேட்பது மேலே சொன்ன எதுவும் இல்லை, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை. மயூர் விஹாரிலிருந்து டெர்மினல் 3-க்கு காரில் ஒரு மணி நேரம், சாயங்கால நெரிசலில் அதற்கு மேலும் ஆகும். புது டெல்லி ஸ்டேஷன் வரை வந்துவிட்டால் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ இருபது நிமிடத்தில் கொண்டுபோய் விடும், நெரிசல் கவலை இல்லை. டெர்மினல் 1 வேறு இடம், அதற்கு மெஜந்தா லைன், டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுன்ட்டரைப் பொதுவாக 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள், ஆக இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேருவது நல்லது. அப்புறம் 2 மணி 50 நிமிடம் விமானம், பெட்டி வர அரை மணி, அங்கிருந்து தாம்பரமோ அம்பத்தூரோ போக இன்னும் முக்கால் மணி. கூட்டினால் ஏழு மணி நேரம். 1,760 கிலோமீட்டரை ஏழால் வகுத்தால் மணிக்கு 250 கிலோமீட்டர். 830 எங்கே, 250 எங்கே! அப்படியும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு ஏறினால் மூன்றாம் நாள் காலையில்தான் இறக்கிவிடும், 33 மணி நேரம் போல, விமானம்தான் ஜெயிக்கிறது. சண்டிகருக்கு இதே கணக்கைப் போட்டால் நிலைமை தலைகீழ், விமானத்துக்கு வீட்டிலிருந்து வீடு வரை ஐந்து மணி ஆகும், புது டெல்லியில் சதாப்தி ஏறினால் மூன்றரை மணிக்குள் சண்டிகர் ஸ்டேஷன்.

சென்னைக்காரர்களுக்கு இதோடு முடிந்தது. திருநெல்வேலிக்காரர்களுக்கு இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. சென்னை வந்து தூத்துக்குடி விமானம் மாறுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும், தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து திருநெல்வேலி 35 கிலோமீட்டர்தானே. ஆனால் சென்னை–தூத்துக்குடிக்கு இறக்கையில் விசிறி சுற்றும் ஏடிஆர் விமானம் வந்தால் அதன் வேகம் 500 கிலோமீட்டர்தான், 530 கிலோமீட்டர் போக ஒன்றரை மணி நேரம் ஆகும், மாறுவதற்குச் சென்னையில் குறைந்தது இரண்டு மணி நேரமாவது விட வேண்டும், மினிமம் சார்ஜையும் இரண்டு தடவை கொடுக்கிறோம். டெல்லியில் கிளம்பியதிலிருந்து திருநெல்வேலி வரை ஏழு மணி நேரம் தாண்டும். மதுரைக்கு நேர் விமானம் கிடைத்தால் 2,075 கிலோமீட்டர், நம் கணக்குப்படி 3 மணி 10 நிமிடம், அங்கிருந்து நான்குவழிச் சாலையில் 150 கிலோமீட்டருக்கு இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். பெட்டி எடுக்கும் நேரத்தைச் சேர்த்தாலும் ஆறரைக்குள் வீட்டில் இருக்கலாம். நாகர்கோவில்காரர்கள் மதுரையையும் பார்க்க வேண்டாம், திருவனந்தபுரம் டிக்கெட் எடுங்கள். டெல்லியிலிருந்து விமானம் கூடுதலாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், ஆனால் சாலையில் மிச்சம் 70 கிலோமீட்டர் போலத்தான் இருக்கும்.